சுமையும் பொறுப்பும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம், புதிய அதிகாரி ‘சார்ஜ் எடுத்துக்கொண்டார்’ என்கிறோம். மின்கலத்திற்கும் ‘சார்ஜ் ஏற்றுகிறோம்’. ஆட்சிக்கும் மின்னுக்கும் ஒரே சொல் பொதுவானது எங்ஙனம்?

இச்சொல்லின் வேரைத் தேடின், வண்டியைக் குறிக்கும் ‘கார்ருஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை அடைகிறோம். வண்டியில் பாரம் ஏற்றுதலே முதற்பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல், மாந்தர் தோளில் ஏற்றிய கடமையையும், துப்பாக்கியில் கெட்டித்த மருந்தையும் குறிக்கலாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மின்னாய்வாளரும் அதனைக் கைக்கொண்டனர். லெய்டன் சாடியை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்கிளின், 1747இல் மின்னின் மிகையை நேர் என்றும் குறையை எதிர் என்றும் வகுத்தார். மின்னைப் பாய்பொருளாகக் கருதிய அந்நாளில், அது ஏற்றவும் இறக்கவும் கூடிய சரக்காகவே தோன்றிற்று.

தமிழோ இவ்விரு பொருளுக்கும் வெவ்வேறு சொற்களைத் தந்தது. தமிழகப் பாடநூல்கள் மின்னூட்டம் என்றன. அது சோறூட்டும் கையை நினைவூட்டுகிறது. ஈழத்து நூல்கள் மின்னேற்றம் என்றன. அதில் பழைய வண்டிப் பாரம் தெரிகிறது. பதவிக்கு நாம் கொண்ட சொல் பொறுப்பு. ‘பொறு’ என்னும் வினையடியாகப் பிறந்த அதன் உட்பொருள் தாங்குதல்.

ஆகவே, தலைமை என்பது சுமத்தலே என்பதனை இரு மொழிகளும் தத்தம் வழியில் உணர்ந்திருந்தன. ஆயின், ஆங்கிலச் சொல்லின் வேர் நம் செவிக்கு எட்டுவதில்லை. பொறுப்பின் வேரோ நாள்தோறும் நம் நாவில் வழங்குகிறது. அச்சொல்லைக் கைவிட்டு ‘சார்ஜ்’ என்றே பழகுவோமாயின், பதவியில் அதிகாரம் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும். தாங்கவேண்டிய சுமை மறந்துபோகும். சொல்லைக் காத்தல் அச்சொல்லில் பொதிந்த அறத்தையும் காத்தலாகும்.