பன்றித்தோல் வலையும் கொசுவலையும்: ஒரு குடலிறக்க வரலாறு

1/ ஆலத்தூர் நாடு மாதிரி மலை ஊர்ல மூட்டை தூக்குறவருக்குத் தொடை இடுக்குல ஒரு வீக்கம். படுத்தா உள்ளே போயிடுது. வலியில்லைன்னு வருஷக்கணக்கா விட்டுடுறார். இதுதான் குடலிறக்கம், ஹெர்னியா. ஒருநாள் அது உள்ளே போகாம மாட்டிக்கும். அப்போ கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும்.

2/ மாட்டின குடலுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்துல அழுக ஆரம்பிக்கும். அழுகின பகுதியை வெட்டி எடுக்கணும். வெட்டும்போது குடல்ல இருக்கிற கிருமி காயத்துல படும். இப்படிப்பட்ட காயத்துல வலை, அதாவது மெஷ், வைக்கலாமா? உலகமே பல வருஷம் சண்டை போட்ட கேள்வி இது.

3/ முதல்ல வலை எதுக்கு? 1880களில் இத்தாலியின் பதுவா நகரில் பாசினி என்ற சர்ஜன், தசைகளை இழுத்துத் தைத்து ஓட்டையை மூடும் முறையைக் கொண்டுவந்தார். பெரிய முன்னேற்றம். ஆனா இழுத்துத் தைத்த இடம் சிலருக்கு மறுபடி விட்டுப்போகும். கிழிஞ்ச சாக்கை இழுத்துத் தைக்கிறதுக்கும் ஒட்டுத்துணி வெச்சுத் தைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

4/ அந்த ஒட்டுத்துணி 1950களின் கடைசியில் வந்தது. அமெரிக்காவில் அஷர் என்ற சர்ஜன் பிளாஸ்டிக் இழையில் நெய்த வலையைப் பயன்படுத்தினார். பிறகு பாலிப்ரொப்பிலீன் வலை நிலைத்தது. 1980களில் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் வலை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார்.

5/ ஆனா ஒரு பயம். வலையின் மிக நுண்ணிய இடுக்குகளில் கிருமி புகுந்துகொள்ளும். அதைத் தின்னும் வெள்ளையணு உருவத்தில் பெரியது, உள்ளே நுழைய முடியாது. சீழ் பிடிச்சா வலையையே எடுக்க வேண்டி வரும். அதனால "அழுக்குக் காயத்துல வலை கூடாது"ன்னு ஒரு விதி.

6/ 1990களில் ஒரு அழகான யோசனை வந்தது. பன்றியின் தோல் அல்லது குடல், இறந்த மனிதர் தானமாகக் கொடுத்த தோல். இதிலுள்ள செல்களை எல்லாம் கழுவி நீக்கினா கொலாஜன் சட்டகம் மிஞ்சும். அதுக்குள்ள நம்ம ரத்தக்குழாய் வளரும், வெள்ளையணு போகும், கிருமியை எதிர்க்கும். இதுதான் பயாலஜிக் மெஷ்.

7/ கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா அமெரிக்காவில், ஏற்கெனவே விற்பனையில் உள்ள பொருளைப் போன்றதுதான் என்று காட்டினாலே அனுமதி கிடைக்கும் வழியில் இவற்றில் பல வந்தன. பழைய வலையோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகு வரவில்லை. 2010இல் நிபுணர் குழு ஒன்றும் அழுக்குக் காயத்துக்கு இதைப் பரிந்துரைத்தது. விற்பனை ஏறியது, விலையும் ஏறியது.

8/ 2012இல் முதல் எச்சரிக்கை மணி. கிருமி பட்ட வயிற்றுச் சுவர் குடலிறக்கம் உள்ள 80 பேருக்குப் பன்றித்தோல் வலை வைத்துப் பின்தொடர்ந்தார்கள். 2 ஆண்டில் 28% பேருக்கு மறுபடி வந்தது.

9/ 2022இல் சரியான பரீட்சை. அமெரிக்காவில் 253 பேர், குலுக்கல் முறையில் இரண்டு குழு. 2 ஆண்டில் மறுபடி வந்தது: பயாலஜிக் 20.5%, சாதா பாலிப்ரொப்பிலீன் 5.6%. கிருமித்தொற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. வலையின் விலை? 21,539 டாலர், 105 டாலர். அப்போதைய டாலர் மதிப்புல நம்ம கணக்குல 16 லட்சம் எங்கே, 8 ஆயிரம் எங்கே!

10/ ஏன் தோத்தது? கொலாஜன் நம் உடம்பிலும் கரையும், கிருமியின் நொதியிலும் கரையும். நாளாக நாளாகத் தளர்ந்துபோகும். பாலிப்ரொப்பிலீன் கரையாது. கண் பெரிதாக உள்ள வலையை ரத்த ஓட்டம் நிறைந்த தசைக்குப் பின்னால் வைத்தா, வெள்ளையணுவும் தாராளமா வேலை செய்யும்.

11/ இதே காலத்துல நம்ம நாட்டுல என்ன நடந்தது தெரியுமா? மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டாக்டர் தோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கி இடுக்குக் குடலிறக்கத்துக்கு வைத்தார். 2003இல் முடிவுகளை வெளியிட்டார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் மலிவு வலையைக் கம்பெனி வலையோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. ஓராண்டு முடிவில் கிட்டத்தட்ட சமம். (சுத்தமான காயத்துக்கு மட்டும். வீட்டுக் கொசுவலையை நினைச்சுக்காதீங்க!)

12/ ஒண்ணு கவனிங்க: 9இல் சொன்ன பரீட்சையில் சீழ் நிறைந்த காயங்கள் சேர்க்கப்படவில்லை. வயிறு முழுக்கச் சீழ், மலம் கலந்திருந்தா, பெரும்பாலும் உயிரைக் காப்பாத்தி, வெறும் தையல் போட்டு, வலையைப் பிறகு பார்க்கலாம். எது சரின்னு உங்கள் சர்ஜன் முடிவு பண்ணுவார்.

13/ இதுல உங்களுக்கு என்ன? "விலை அதிகமான வலைதான் பாதுகாப்பு"ன்னு யாராவது சொன்னா நிலத்தை அடகு வைக்காதீங்க. "சாதா வலை ஏன் வேண்டாம்?"னு ஒரு கேள்வி கேளுங்க. அது உங்க உரிமை.

14/ அதைவிட முக்கியம், அந்த நிலைக்கே போகாதீங்க. வீக்கம் உள்ளே போய்வரும்போதே காட்டிடுங்க. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் இலவசம். வீக்கம் உள்ளே போகல, வலி, வாந்தி, காத்து பிரியல என்றால் அமுக்கிப் பார்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், விடியட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108. 70 வளைவு இறங்கணும், குடல் அதுவரைக்கும் காத்திருக்காது.

மலையில சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க. 🙏