புதிய பொருளுக்கு எந்த இணையத்தளம் பொருத்தம்?

வீவக வீட்டில் சிறிய அளவில் தொழில் நடத்த அனுமதி உண்டு. ஆனால், வாசலில் விளம்பரப் பலகை மாட்ட முடியாது. அதனால் வீட்டிலிருந்து தொடங்கும் தொழில்முனைவர்களுக்கு இணையமே கடைவீதி. முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டாக், ஷாப்பீ, கரோசல் என்று அந்த வீதி நீண்டுகொண்டே போவதுதான் சிக்கல். கையில் இருக்கும் சில நூறு வெள்ளியை எல்லாத் தளங்களிலும் தூவினால் எதிலும் பலன் தெரியாது.

வாங்கக்கூடியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே முதல் கேள்வி. வீட்டில் அரைத்த இட்லிப் பொடிக்கு உறவினர், கோயில், பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள் போதும். கைவினை நகைக்குக் கண்ணைக் கவரும் படம் வேண்டும், அதற்கு இன்ஸ்டகிராம்.

வாட்ஸ்அப்பைப் பலர் சாதாரணமாக எண்ணிவிடுகிறார்கள். 2018ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள்களின் படம், விலை அடங்கிய பட்டியலை அதிலேயே வைக்கலாம். ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் அதிகபட்சம் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தத் தகவல் போய்ச் சேரும். “அனுப்பினேன், ஒருவரும் பதில் சொல்லவில்லையே” என்று வருந்துவோர் முதலில் இதைச் சரிபார்க்கலாம்.

சட்டமும் உண்டு. மாமாவின் கைப்பேசியிலிருந்து 200 எண்களை வாங்கி விளம்பரம் அனுப்புவது ஆபத்து. சிங்கப்பூரில் 2014 முதல் ‘டூ நாட் கால்’ பதிவேடு நடப்பில் உள்ளது. அதில் உள்ள எண்ணுக்குத் தெளிவான ஒப்புதலின்றி விளம்பரத் தகவல் அனுப்பக்கூடாது. தொலைபேசி எண் வழி அனுப்பப்படும் வாட்ஸ்அப் தகவல்களுக்கும் இது பொருந்தும். ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைப்பது பாதுகாப்பு.

ஷாப்பீ, லசாடா போன்ற சந்தைத் தளங்களில் தேடி வருபவர் வாங்கும் மனத்தோடு வருகிறார். பணம் செலுத்தும் வசதியும் தயாராக இருக்கும். பதிலுக்கு, விற்பனைக்கு விற்பனை கட்டணம் பிடிப்பார்கள். விலை வைக்கும்போதே அதைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கட்டண விளம்பரத்தில் ‘லைக்’ எண்ணிக்கை ஏமாற்றும். 300 வெள்ளி செலவிட்டு 20 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 15 வெள்ளி. பொட்டலத்துக்கு 6 வெள்ளிதான் லாபம் என்றால், அவர் மூன்றாவது முறை வாங்கும்போதுதான் கைக்காசு திரும்பும். ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனிக் கழிவுக் குறியீடு கொடுத்தால், எங்கிருந்து விற்பனை வந்தது என்பது தெரிந்துவிடும்.

செயலி, மென்பொருள் உருவாக்கும் இளையர்களுக்குப் புராடக்ட் ஹன்ட் தளம் உண்டு. அதன் ஒருநாள் போட்டி அமெரிக்க மேற்குக்கரை நள்ளிரவில் தொடங்குகிறது. நமக்கு அது பிற்பகல் 3 மணி, அங்குக் குளிர்காலமானால் 4 மணி. புதுக் கருவிகளுக்கு நிதி திரட்டக் கிக்ஸ்டார்ட்டர் உதவும். ஆனால், இலக்குத் தொகை முழுதாகச் சேராவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது.

தீபாவளிக்கு அறிமுகப்படுத்த நினைப்பவர்கள் பண்டிகை வாரத்தில் தொடங்கினால் தாமதம். ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே பத்துப் பேருக்குச் சிறு பொட்டலம் கொடுத்து, அவர்கள் அனுமதியுடன் படத்தையும் கருத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.