எடைக் குறைப்பு (மோதல் விளையாட்டுகள்)

மோதல் விளையாட்டுகளில் எடைக் குறைப்பு என்பது, மற்போர், குத்துச்சண்டை, ஜூடோ போன்ற எடைப் பிரிவுகள் கொண்ட விளையாட்டுகளில், வீரர் ஒருவர் தமது இயல்பான எடைக்கும் கீழான பிரிவில் போட்டியிடும் பொருட்டு, எடை பார்க்கப்படுவதற்கு முந்தைய சில நாட்களில் உடல் எடையை விரைவாகக் குறைத்துக்கொள்வதைக் குறிக்கும். எடை பார்த்த பின்னர் நீரும் உணவும் உட்கொண்டு, இழந்த எடையை மீட்டு, தம்மினும் சிறிய எதிராளியைச் சந்திப்பதே இதன் நோக்கமாகும். கடைசி நாட்களில் இவ்வாறு இழக்கப்படுவது பெரும்பாலும் கொழுப்பு அன்று, நீரே ஆகும்.

கொழுப்பும் தசையும்

ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. ஆகவே முழுப் பட்டினி இருந்து பயிற்சி செய்தாலும், ஒரு நாளில் அரைக் கிலோகிராம் அளவுக்கு மேல் கொழுப்பைக் கரைப்பது அரிது. மாறாக, வியர்வை மூலம் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் கூடுதலான நீரை இழக்க முடியும்.

தசையின் எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடு நீராகும்; கொழுப்பு இழையத்தில் நீரின் பங்கு மிகக் குறைவு. தசையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் பிணைத்து வைத்துள்ளது. மாவுச்சத்தைத் தவிர்ப்பவரின் எடை முதல் சில நாட்களில் வேகமாகக் குறைவதற்கு இதுவே முதன்மையான காரணம். ஏற்கனவே கொழுப்புக் குறைந்த வீரர் ஒருவரிடம் குறைப்பதற்கு எஞ்சியிருப்பவை, தசையிலும் குருதியிலும் உள்ள நீரும் தசையின் எரிபொருளான கிளைக்கோசனுமே. இவை இரண்டும் போட்டியின்போது அவருக்கு இன்றியமையாதவை.

முறைகளும் விளைவுகளும்

நீராவிக் குளியல், வெந்நீர்க் குளியல், வியர்வை ஆவியாகாத ரப்பர் உடையுடன் ஓடுதல், நீர் அருந்தாதிருத்தல், உப்பைத் தவிர்த்தல் ஆகியன பரவலாகக் கையாளப்படும் முறைகள். நீரிழப்பால் குருதியின் கனவளவு குறைகிறது; இதயம் விரைந்து துடிக்கிறது; உடல் தன்னைக் குளிர்விக்க இயலாமல் வெப்பநிலை உயர்கிறது. சிறுநீரகப் பாதிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் உயிரிழப்பும் நேரக்கூடும்.

இறப்புகளும் விதிகளும்

1997 நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரையான காலத்தில், ஐக்கிய அமெரிக்காவில் மூன்று கல்லூரி மற்போர் வீரர்கள் எடைக் குறைப்பின்போது இறந்தனர். மூவரும் ஆவி வெளியேறாத உடையணிந்து, வெப்பமான சூழலில் உடற்பயிற்சி செய்தவர்கள். இதையடுத்து அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ரப்பர் உடைகளையும் நீராவிக் குளியலையும் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு அருகில் கொண்டுவந்தது. உடற்கொழுப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே செல்லாதவாறு ஒவ்வொரு வீரருக்கும் குறைந்தபட்ச எடை கணிக்கப்படுகிறது. நீரிழந்த நிலையில் அளந்து ஏமாற்றாதிருக்க, முதலில் சிறுநீரின் ஒப்படர்த்தி சோதிக்கப்படுகிறது.

2015 டிசம்பரில் சீனக் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் யாங் சியான் பிங், மணிலாவில் போட்டிக்கு முன் எடை குறைக்கும்போது இறந்தார். போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்சிப் நிறுவனம், அதன்பின் நீரிழப்பு மூலம் எடை குறைப்பதைத் தடை செய்தது.

எடை பார்க்கும் நேரம்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பொதுவாகப் போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்க்கப்படுகிறது. மீள்வதற்குக் கிடைக்கும் இந்த இடைவெளி, கூடுதலாக எடை குறைக்க வீரர்களைத் தூண்டுகிறது. பன்னாட்டு மற்போரில் 2018 முதல், போட்டி நடைபெறும் இரு நாட்களிலும் காலையில் எடை பார்க்கப்படுகிறது. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் 50 கிலோகிராம் பிரிவில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற இந்திய வீராங்கனை வினேஷ் போகத், இரண்டாம் நாள் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். எடையைக் குறைக்க இரவு முழுவதும் முயன்றதுடன் அவரது தலைமுடியும் வெட்டப்பட்டிருந்தது. அவரது மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் மன்றம் 2024 ஆகத்து 14 அன்று தள்ளுபடி செய்தது.