தேயிலைச் சரிவிலிருந்து பனிச் சரிவுக்கு: ஸ்னோபோர்டு பந்தயத்தில் முன்னேறுவது எப்படி?

கேமரன் மலையில் அதிகாலையில் தேயிலைச் செடிகள் மீது படர்வதையும் பனி என்கிறோம். ஜப்பானில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடப்பதையும் பனி என்கிறோம். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இங்கே உறைபனி விழுவதில்லை. ஆனால் கைப்பேசியில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களைப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள், "நாமும் அதில் போட்டியிட முடியுமா?" என்று கேட்டால், பெற்றோர் சிரித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. முடியும், முடியாது என்று சொல்வதற்கு முன் அந்த ஏணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கீயில் காலுக்கு ஒரு பலகை. ஸ்னோபோர்டில் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று சறுக்க வேண்டும். 1998இல் ஜப்பானின் நகானோ நகரில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. காற்றில் சுழன்று சாகசம் காட்டும் பிரிவுகளை விட்டுவிடுவோம். அங்கே நடுவர்கள் புள்ளி போடுவார்கள். பந்தயம் என்றால் முக்கியமாக இரண்டு வகை.

முதலாவது இணை ஜயன்ட் ஸ்லாலம். சிவப்பு, நீலம் என அருகருகே இரு தடங்கள். தகுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு தடங்களிலும் ஒரு முறை இறங்குவர். நேரத்தைக் கூட்டி, சிறந்த 16 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன்பிறகு இருவர் இருவராக மோதல், தோற்றவர் வெளியே. தடத்தின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறக்குறைய 120 முதல் 200 மீட்டர். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா இதில் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் ஸ்கீயிலும் ஒரு தங்கம் வாங்கி எல்லாரையும் வாய்பிளக்க வைத்தவர் அவர்.

இரண்டாவது ஸ்னோபோர்டு கிராஸ். மேடு, பள்ளம், தாவல், சாய்ந்த வளைவுகள் கொண்ட தடத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பாய்வர். முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவர். இது 2006 தூரின் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் வெகுதூரம் முன்னிலையில் இருந்த அமெரிக்காவின் லிண்ட்சி ஜேகபெலிஸ், முடிவுக்கோட்டை நெருங்கும்போது தேவையில்லாமல் பலகையைப் பிடித்து அழகு காட்டி விழுந்தார். தங்கம் சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடனுக்குப் போனது. ஜேகபெலிஸ் ஒதுங்கிவிடவில்லை. 16 ஆண்டுகள் கழித்து, 2022 பெய்ஜிங்கில், 36 வயதில் அதே போட்டியில் தங்கம் வாங்கினார்.

பொழுதுபோக்காகச் சறுக்குபவருக்கும் பந்தயக்காரருக்கும் உள்ள வேறுபாடு பலகையின் விளிம்பில் இருக்கிறது. புதியவர் திரும்பும்போது பலகை பக்கவாட்டில் வழுக்கும்; பனி தூளாகத் தெறிக்கும்; வேகம் போய்விடும். தேர்ந்தவர் பலகையைச் சாய்த்து, அதன் உலோக விளிம்பால் பனியை அறுத்துக்கொண்டு வளைவார். அவர் போன பின் சரிவில் மெல்லிய கோடு ஒன்றுதான் மிஞ்சும். இணை ஸ்லாலத்தில் பயன்படும் பலகைகூட வேறு: நீளமானது, விறைப்பானது, காலணியும் கெட்டியானது. வாடகைக் கடையில் கொடுக்கும் மென்காலணியோடு அந்தப் பந்தயத்தில் நிற்க முடியாது. விளிம்பைத் தீட்டுவதும் அடிப்பக்கம் மெழுகு தேய்ப்பதும் வீரர் தாமே கற்க வேண்டிய வேலைகள்.

ஏணிக்கு வருவோம். இந்த விளையாட்டை நடத்துவது 1924இல் தொடங்கப்பட்ட அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு. அதன் உரிமத்தைத் தனியாள் நேரே வாங்க முடியாது; தம் நாட்டுச் சங்கத்தின் வழியாகத்தான் பெற வேண்டும். உரிமம் கிடைத்தால் கூட்டமைப்பு அங்கீகரித்த சிறு பந்தயங்களில் இறங்கலாம். அடுத்த படி கண்ட அளவிலான கோப்பைகள்: ஆசியக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை, வட அமெரிக்கக் கோப்பை. அதற்கு மேல் உலகக் கோப்பை. ஒவ்வொரு படியிலும் புள்ளி சேரும். அந்தப் புள்ளிதான் அடுத்த கதவைத் திறக்கும் சாவி.

இந்த இடத்தைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்கீயில் சிறு நாடுகளுக்கென்று ஒரு வாசல் உண்டு. 2018 ஒலிம்பிக்கில், ஒரு பிரிவில் சிறந்த ஐந்து பந்தயங்களின் சராசரி 140 புள்ளிக்குள் இருந்தால், நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்ற அடிப்படை ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வழி இருந்தது. (ஸ்கீயில் புள்ளி குறைவாக இருப்பதே நல்லது.) ஸ்னோபோர்டு பந்தயத்தில் அப்படிப்பட்ட வாசல் இல்லை. 2022 பெய்ஜிங்கிற்குத் தகுதி பெற, உலகக் கோப்பையிலோ உலக வெற்றியாளர் போட்டியிலோ ஒரு முறையாவது முதல் 30 இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். கூடவே குறைந்தது 100 புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு பந்தயத்திலும் ஆண்களில் 32 பேர், பெண்களில் 32 பேர் மட்டுமே. எனவே மலேசியப் பிள்ளை ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், ஸ்கீ பக்கம் சாய்வதே அறிவு என்பேன்.

நம் நாட்டு அனுபவமும் அதையே காட்டுகிறது. மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்தது 2018இல். ஜூலியன் யீ பனிநடனத்திலும் ஜெஃப்ரி வெப் ஸ்கீயிலும் போட்டியிட்டனர். 2022இல் வெப்புடன் அருவின் சலேஹுடின் ஸ்கீயில் இறங்கினார். பனிநடனத் தளத்தைப் பேரங்காடிக்குள் கட்டிவிடலாம்; ஜூலியன் சிறுவயதில் சன்வே பிரமிட்டில்தான் பழகினார். மலைச்சரிவை அப்படிக் கட்ட முடியாது. 2005இல் திறந்த துபாய் உள்ளரங்கப் பனிச்சரிவின் மிக நீண்ட தடமே 400 மீட்டர்தான். பழக உதவும், உலகத் தரத்துக்குப் போதாது. வெப் வளர்ந்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பனிமலைக்குப் பக்கத்தில்.

பனி இல்லாத மாதங்களில் என்ன செய்வது? இந்தியாவின் சிவ கேசவன் விடை காட்டினார். மணாலியில் பிறந்த அவர், படுத்துக்கொண்டு சறுக்கும் லூஜ் வண்டிக்குச் சக்கரம் பூட்டி இமாலயச் சாலைகளில் பழகினார். 16 வயதில் நகானோ தொடங்கி, 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் போட்டியிட்டார். இதைக் கேட்டு யாரும் சக்கரப் பலகையோடு தாப்பா சாலையில் இறங்கிவிட வேண்டாம். காய்கறி லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் வளைவுக்கு வளைவு வரும் சாலை அது. வாகனம் நுழையாத, மூடிய தடத்தில், தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அணிந்து, பெரியவர் ஒருவர் பார்வையில் சக்கரப் பலகை ஓட்டினால், எடையை விளிம்புக்கு மாற்றும் உணர்வு கால்களுக்குப் பழகும். தொடை வலு, இடுப்பு வலு, சமநிலை ஆகியவற்றுக்குத் தேயிலைத் தோட்டத்து மேட்டுப் பாதைகளில் ஏறி இறங்குவதே நல்ல பயிற்சி.

செலவை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்றுநர், சரிவில் ஏறும் நுழைவுச்சீட்டு, பலகைகள், மலை மீட்பையும் உள்ளடக்கிய காப்புறுதி என ஒவ்வொரு பருவத்திலும் திரும்பத் திரும்ப வரும் செலவு இது. தோட்டச் சம்பளத்தில் அதைத் தாங்க முடியாது. வீட்டை அடகு வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஜப்பான், கொரியா. ஜூன் முதல் செப்டம்பர் வரை நியூசிலாந்து. ஏதாவது ஒன்றில் இரண்டு வாரம், உரிமம் பெற்ற பயிற்றுநரிடம் முழுநாள் பாடம். விழுந்து எழுந்து, மணிக்கட்டு வலித்து, குளிரில் விரல் விறைத்த பிறகும் மறுநாள் காலையில் பிள்ளை தானாகவே காலணியை மாட்டுகிறாரா என்று பாருங்கள். மாட்டினால், ஊர் திரும்பியதும் தேசியச் சங்கத்துக்கு எழுதி, உரிமத்துக்கான வயதும் நிபந்தனைகளும் என்னவென்று எழுத்து வழியாகவே கேட்டு வாங்குங்கள்.