ரெண்டு மொழி படிச்சா புள்ள குழம்புமா? ஒரு நூறு வருஷக் கதை

மதுரைக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கு கீழக்குயில்குடி. தாமரைக்குளம், அய்யனார் கோயில், அதுக்குப் பின்னால் சமணர் மலை. பசுமை நடை நண்பர்கள் புண்ணியத்தில் நம்மில் பலர் ஏறிப் பார்த்த மலைதான். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து இருக்கும். இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்கிற மாதிரி வாசகங்கள். குருவும் மாணாக்கரும் இருந்த இடத்துக்குப் 'பள்ளி' என்றுதான் பேர். நம்ம பள்ளிக்கூடத்துக்கும் அந்தச் சொல்தான் வந்து சேர்ந்தது.

நிறைய பேர் பேச்சிப்பள்ளத்தோட இறங்கிடுவாங்க. இன்னும் மேலே போனால் விளக்குத்தூண் கிட்ட பாறையில் வேற ஒரு எழுத்து. கன்னடம்! ஒரே மலை, ரெண்டு மொழி, ரெண்டு எழுத்து. இந்த மண்ணுக்கு இது புதுசே இல்லை. மதுரைத் தெருக்களில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் உருதும் பேசிக்கிட்டே தமிழில் விளையாடி வளர்ந்த பிள்ளைங்க எத்தனையோ தலைமுறை. 'ரெண்டு மொழி கத்துக்கிட்டா புள்ள குழம்பிப் போயிடுமே' என்கிற பயம் இங்கே முளைச்சது இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

1913-ல் பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா ஒரு புத்தகம் போட்டார். ஆய்வுப் பொருள் அவர் பையன் லூயி. அப்பா பிரெஞ்சில் மட்டும் பேசணும், ஜெர்மன்கார அம்மா ஜெர்மனில் மட்டும் பேசணும், இதான் வீட்டுச் சட்டம். பையன் ரெண்டையும் நல்லாவே கத்துக்கிட்டான். ஆனா ஒத்தைப் பிள்ளையை வெச்சு என்ன சொல்லிட முடியும்?

பத்து வருஷம் கழிச்சு, 1923-ல் வேல்ஸில் டி.ஜே. சேர் என்பவர் சுமார் 1,400 பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார். கிராமத்தில் வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகளுக்கு மார்க் கம்மி. ஆகவே ரெண்டு மொழி மூளையைக் குழப்புது என்று முடிவு கட்டினார்கள். இதில் வேடிக்கை என்னன்னா, டவுன் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசமே தெரியலை. அப்போ குறை மொழியிலா, கிராமத்து வசதிக் குறைவிலா? அந்தக் கேள்வி அமுங்கிப் போச்சு. 'குழப்பம்' மட்டும் நாற்பது வருஷம் ஓடியது.

அதை உடைச்சது 1962-ல் மான்ட்ரியல். எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் பத்து வயசுப் பிள்ளைகளை எடுத்து, குடும்ப வசதி ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்த்து ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் முந்தினார்கள். ஆனால் ரெண்டு மொழியும் சமமாத் தெரிஞ்ச பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தா முடிவு அப்படித்தானே வரும் என்றொரு விமர்சனமும் வந்தது. நியாயமான விமர்சனம்தான்.

எனக்குப் பிடிச்ச ஆய்வு நம்ம ஊர்ப்பக்கம் நடந்ததுதான். ஒடிசாவின் கந்தமால் பகுதியில் கோந்த் பழங்குடி மக்கள். அவங்க மொழி குயி, நம்ம திராவிடக் குடும்பம். சில ஊர்களில் குயியும் ஒடியாவும் பேசுறாங்க. சில ஊர்களில் குயி மறந்துபோய் ஒடியா மட்டும். ஒரே இனம், ஒரே வறுமை, ஒரே சாமி, மொழி மட்டும் வேற. உளவியலாளர் அஜித் மொகந்தி 1970களின் கடைசியிலிருந்து இங்கே ஆராய்ந்தார். ரெண்டு மொழியும் வெச்சிருந்த பிள்ளைகள்தான் சோதனைகளில் மேலே நின்றார்கள். சேர் விட்டுப்போன கேள்விக்குக் கிராமத்திலிருந்தே பதில் வந்துவிட்டது.

ஆய்வே இல்லாமல் இதை மதுரை காட்டியிருக்கு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் 1922-ல் பிறந்தவர் டி.எம். சௌந்தரராஜன். தமிழ் உச்சரிப்புக்கு நாம யாரை உதாரணம் காட்டுறோம்? அவரைத்தானே! கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமுக்கும் தாய்மொழி சௌராஷ்டிரம்தான். தமிழ் நாவலுக்கு 1993-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார்.

ஆனா இதில் ஒரு இடறல் இருக்கு. பேச்சு ரெண்டு மொழியில், எழுத்து ஒரு மொழியில் என்றால் எழுத்து இல்லாத மொழிக்கு என்ன கதி? டி.எம். ராமராய் இதை அப்பவே யோசிச்சவர். சௌராஷ்டிரத்துக்கு எழுத்து அச்சு உண்டாக்கி, பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் இலக்கணமும் போட்டார். அப்புறம் எந்த எழுத்து என்பதே வழக்காச்சு. ராமராய் எழுத்தா, தேவநாகரியா, தமிழா? தமிழில் ஒரே 'க' நாலு ஒலிக்கு நிற்கணும், அதனால் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போட்டு எழுதினாங்க. 2008-ல் சௌராஷ்டிர எழுத்து யூனிகோடில் ஏறிடுச்சு. 2011 கணக்குப்படி இந்தியாவில் சௌராஷ்டிரம் பேசுறவங்க சுமார் 2,47,000 பேர். எழுத்து கணினிக்கு வந்தாச்சு, வகுப்பறைக்கு வரலை.

இங்கேதான் ஆய்வாளர்களின் கேள்வியும் திசை மாறியது. 'குழப்புமா?' என்பதை விட்டுட்டு 'எந்த மொழியில் எழுத்து தொடங்குது?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-ல் சொன்னது இது: ஒரு மொழியில் ஊன்றிப் படிச்ச திறமை அடுத்த மொழிக்கும் கூட வரும், முதல் மொழி உறுதியா இருக்கணும். பெங்களூரில் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளைக் கவனித்து, நம்ம வகை எழுத்துமுறை முழுசா கைக்கு வர நாலு அஞ்சு வருஷம் ஆகும் என்று காட்டினார். அவசரப்பட்டா ஆகாது.

இப்போ கீழக்குயில்குடியில் ஒண்ணாம் வகுப்பு போற ஒரு பிள்ளையை நினைச்சுப் பாருங்க. வீட்டில் 'வந்துக்கிட்டு இருக்காய்ங்க'. புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்'. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி பரவியிருப்பதால், பல பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் இங்கிலீஷில். தமிழ் தாய்மொழியான பிள்ளைக்கே கிட்டத்தட்ட மூணு மொழி!

அது முடியாதது இல்லை. நூறு வருஷ ஆய்வு சொல்றதே பிள்ளைங்க தாங்கும் என்பதைத்தான். தாங்காதது எதுன்னா, வீட்டு மொழியைப் பள்ளி வாசலில் செருப்பு மாதிரி கழட்டிவிடச் சொல்றது. 'வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க' என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்றவங்க 1923-லேயே நின்னுட்டாங்க. தடுமாறும் இங்கிலீஷில் பேசுற அம்மாவைவிட, நல்ல தமிழிலோ சௌராஷ்டிரத்திலோ கதை சொல்ற அம்மாதான் பிள்ளையின் இங்கிலீஷுக்கும் உரம் போடுறாங்க.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் பதிவர்கள், வீட்டில் வேற மொழி பேசும் நண்பர்கள் எல்லாரும் பின்னூட்டத்தில் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. முக்கியமா ஒண்ணு: உங்க பிள்ளை முதலில் எழுதிய எழுத்து எந்த மொழியில்?