தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த நம் வயதுக்காரர்கள் அந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெயர் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. இரண்டு முனையும் கூராக இழுத்துவிட்ட தேங்காய் மாதிரி ஒரு பந்து. தலையில் ஹெல்மெட், முகத்தில் கம்பி வலை, தோளில் மெத்தை. ஐந்து விநாடி மோதல், அப்புறம் அரை நிமிடம் கூடிக் கூடிப் பேச்சு, மறுபடி மோதல்.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவர்தான் தளபதி. அவர் பந்தை வாங்கி ஓடுகிறவர் கையில் கொடுப்பார், அல்லது தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு எறிவார். எதிரணி பந்து வைத்திருப்பவரைத் தரையில் சாய்க்க வேண்டும். எப்படியெல்லாம் சாய்க்கலாம் என்பதுதான் நூறு வருடத்துக்கும் மேலாக ஓயாத தகராறு.

அங்கே பழைய ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள். மகன் இருந்த தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், மாலை நடைக்கு எனக்குத் துணை. "இதெல்லாம் ஓர் ஆட்டமா? தொட்டால் விசில், முறைத்தால் மஞ்சள் துணி. அந்தக் காலத்தில் ஆடினவர்கள்தான் ஆண்பிள்ளைகள்" என்பார். (விதியை மீறினால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார்.) நம்மூரில் ஹெல்மெட் இல்லாமல் பேட் பிடித்தவர்களைப் பற்றி நாம் பேசுகிற அதே தொனி. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு கொஞ்சம் பழைய கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அவர் சொன்னதில் பாதிதான் சரி என்று பட்டது.

தொழில்முறை ஆட்டம் வருவதற்கு முன் இது கல்லூரி மாணவர்களின் ஆட்டம். 1892இல் ஹார்வர்டு அணி ஒரு வியூகம் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் ஆப்பு வடிவில் நெருங்கிச் சேர்ந்து, ஓடிவந்து ஒரே ஆள்மேல் மோதுவார்கள். இரண்டே வருடத்தில் அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. ஆனாலும் 1905ஆம் ஆண்டு சீசனில் குறைந்தது 18 இளைஞர்கள் செத்துப்போனார்கள். அப்போது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். முரட்டு விளையாட்டில் பிரியம் உள்ளவர். அவருடைய மகனே ஹார்வர்டில் ஆடி மூக்கை உடைத்துக்கொண்டவன். அவர் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, ஆட்டத்தை ஒழுங்காக்கச் சொன்னார். மறுவருடம் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து நசுங்காமல் மைதானம் முழுக்கப் பரவட்டும் என்பது எண்ணம். இன்று கோடிக்கணக்கானவர்கள் ரசிக்கும் அந்த அழகான நீண்ட எறி, சாவைக் குறைப்பதற்காக வந்த விதி.

1920இல் ஒஹையோ மாநிலம் கேன்டனில், ஒரு கார் விற்பனைக் கடையில் கூடித் தொழில்முறை அணிகளின் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு என்.எஃப்.எல். ஆனது. ஹெல்மெட் போடுவது அங்கே கட்டாயமானது எப்போது தெரியுமா? 1943. அதுவரை போட்டால் போடலாம், விட்டால் விடலாம். 1955 வரை, கீழே விழுந்த ஓட்டக்காரர் எதிராளியின் பிடியிலிருந்து நழுவினால் எழுந்து மறுபடி ஓடலாம். நம் கபடியில் கோட்டைத் தொடும்வரை விடாமல் அமுக்குவது போல, அவர் எழக்கூடாது என்று விழுந்தவர்மேல் நாலு பேர் தாவி விழுவார்கள். பல் போகும், விலா போகும். எதிராளியின் முகக் கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று 1956இல் விதி வந்தது. அதிலும் வேடிக்கை, பந்து வைத்திருப்பவரின் கம்பியை மட்டும் இழுக்கலாம்! அதை நிறுத்த 1962 ஆனது.

அந்தக் காலத்தின் அடையாளமாக எல்லோரும் காட்டுவது ஒரு புகைப்படத்தை. 1960 நவம்பர், நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். நியூயார்க் ஜயன்ட்ஸின் ஃபிராங்க் கிஃபோர்டு நினைவிழந்து மல்லாந்து கிடக்கிறார். அவரைச் சாய்த்த பிலடெல்பியாவின் சக் பெட்னாரிக் முஷ்டியை மடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். பெட்னாரிக் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிமேல் 30 முறை குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். சீசன் இல்லாத மாதங்களில் கான்கிரீட் விற்றுப் பிழைத்தார். கிஃபோர்டு அந்த சீசனின் மிச்சமும், 1961 முழுவதும் ஆடவில்லை. அப்புறம் திரும்பி வந்து ஆடினார். அது விதிப்படி சரியான அடிதான் என்று கடைசிவரை சொன்னார். இரண்டு பேரும் 2015இல், சில மாத இடைவெளியில் காலமானார்கள். கிஃபோர்டின் மூளையைப் பரிசோதித்த செய்தியைக் குடும்பத்தார் வெளியிட்டார்கள். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் டீக்கன் ஜோன்ஸ் என்று ஒரு மலை. ஆட்டம் தொடங்கிய கணத்தில், எதிரே நிற்பவரின் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விடுவார். காது 'ஙொய்' என்னும், கண் தானாக மூடும். அதற்குள் இவர் அவரைத் தாண்டி குவார்ட்டர்பேக்கிடம் போயிருப்பார். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். 1977இல் அந்த அறைக்குத் தடை வந்தது.

பெரிய திருப்பம் மறுவருடம். இங்கேதான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். 1977 சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரி சுமார் 17 புள்ளி. 1942க்குப் பிறகு அவ்வளவு வறட்சி இல்லை. அந்த வருடம் லீகிலேயே அதிகம் எறிந்த குவார்ட்டர்பேக் சேர்த்தது 2,803 கெஜம்தான். காரணம், தடுப்பவர்கள் ரிசீவரை மைதானம் நெடுக இடித்து நிலைகுலைய வைக்கலாம். பிட்ஸ்பர்க் அணியின் மெல் பிளவுன்ட் அதில் சூரர். புள்ளி இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? 1978இல் விதி மாறியது: ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவரை இடிக்கக் கூடாது. பிளவுன்ட் விதி என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 1984இல் டான் மரினோ ஒரே சீசனில் 5,084 கெஜம் எறிந்தார். (வேடிக்கை என்னவென்றால், பிட்ஸ்பர்க்கை அடக்க வந்ததாகச் சொன்ன விதியை வைத்து பிட்ஸ்பர்க்கே அடுத்த இரண்டு சூப்பர் பவுலையும் ஜெயித்தது.) ஆட்டத்தை மென்மையாக்கியதாக இன்று திட்டு வாங்கும் விதிகளில் தலையாயது இதுதான். ஆனால் இது யார் உடம்பையும் காப்பதற்காக வந்ததல்ல, வியாபாரத்துக்காக வந்தது.

அதே 1978, ஆகஸ்ட் 12. சீசனுக்கு முந்தைய ஒப்புக்கு ஆடும் ஆட்டம், ஓக்லாந்தில். நியூ இங்கிலாந்து அணியின் டாரில் ஸ்டிங்லிக்கு 26 வயது. எட்டாத பந்துக்குத் தாவினார். ஜாக் டேட்டம் எதிரே வந்து மோதினார். கழுத்தெலும்பு நொறுங்கியது. நடுவர் துணி வீசவில்லை, ஏனென்றால் மீறிய விதி எதுவும் இல்லை. ஸ்டிங்லி மீதி 29 வருடத்தைச் சக்கர நாற்காலியில் கழித்து 2007இல் இறந்தார். டேட்டம் 1980இல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பிலேயே தன்னைக் கொலையாளி என்று அழைத்துக்கொண்டார். இருவருக்கும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரைத் தலையில் மோதக் கூடாது என்று இன்று விரிவான விதி இருக்கிறது. அது ஒழுங்காக வர எத்தனை வருடம் ஆனது என்பதை, குவார்ட்டர்பேக் விஷயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2006 ஜனவரியில் சின்சினாட்டியின் கார்சன் பாமருக்கு முழங்கால் போனது. அதே வருடம் விதி இறுகியது. 2008 செப்டம்பரில் டாம் பிரேடிக்கு முழங்கால் போனது. 2009இல் அடுத்த விதி. விழுந்தவர் யார் என்பதற்கேற்ற வேகம்!

இனி மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் அணியின் சென்டர், நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தவர். சென்டர் என்பவர்தான் குனிந்து பந்தைக் கால் வழியே பின்னால் கொடுப்பவர். கொடுத்த மறுவிநாடி எதிரே நிற்கும் ராட்சசன் அவர்மேல் மோதுவான். ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை, பயிற்சியிலும் அதே. 17 சீசன். யாரும் அதைப் புகைப்படம் எடுக்கவில்லை, கூட்டம் ஓவென்று கத்தவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஞாபகம் தவறி, பேச்சு தடுமாறி, வீடு வாசல் இழந்து, தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார். 2002இல், 50ஆம் வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஓமலு. வெளிப்பார்வைக்கு மூளையில் ஒன்றுமே இல்லை. அவர் விடாமல் திசுக்களை வெட்டிப் பார்த்தார். குத்துச்சண்டைக்காரர்களிடம் முன்பே கண்டிருந்த சி.டி.ஈ. என்னும் மூளைச் சிதைவு தெரிந்தது. 2005இல் அவர் ஆய்வுக் கட்டுரை வந்ததும், லீகின் மருத்துவக் குழுவினர் அதைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினார்கள். அந்தக் குழுவுக்குப் பல வருடம் தலைவராக இருந்தவர் மூளை நிபுணர் அல்ல, மூட்டுவாத வைத்தியர். தலைவலிக்குக் காலில் பற்றுப் போட்ட கதை.

2011இல் டேவ் டூயர்சன் என்ற முன்னாள் வீரர், மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதி வைத்து, நெஞ்சில் சுட்டுக்கொண்டு இறந்தார். மறுவருடம் ஜூனியர் சாவ். இரண்டு பேருக்கும் அதே சிதைவு. கிஃபோர்டு குடும்பத்தார் சொன்னதும் அதுவே. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து 110இல் அதைக் கண்டார்கள். அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் கொடுத்திருப்பார்கள், ஆகவே எல்லோருக்கும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் எண்ணிக்கை தூக்கத்தைக் கெடுக்கிறது. தொடர்பு உண்டு என்று லீக் அதிகாரி ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது 2016இல்தான்.

இதற்குப் பின்தான் விதிகள் மழைபோல வந்தன. தலையில் அடிபட்ட அறிகுறி தெரிந்தால் அன்று திரும்ப ஆடக் கூடாது. தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் முட்டக் கூடாது. குவார்ட்டர்பேக்மேல் உடல் எடை முழுவதையும் போட்டு விழக் கூடாது. இதைக் கண்டுதான் பெரியவர் கொதித்தார். 2018இல் கிளே மேத்யூஸுக்கு விழுந்த துணி ஒரு வெற்றியையே சமமாக்கிவிட்டதாம். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. பாய்ந்து வரும் நூற்றுப்பத்து கிலோ மனிதன் காற்றில் எப்படி எடையைக் குறைப்பான்? லீகின் இரட்டை வேடமும் தெரிந்ததுதான். 2010இல் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு ஓர் அடிக்காக 75,000 டாலர் அபராதம் போட்டார்கள். அதே அடியின் புகைப்படம் லீகின் இணையதளத்தில் விற்பனைக்கு இருந்தது. சத்தம் எழுந்ததும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பெரியவர் மறந்த ஒன்று உண்டு. 1985இல் சிகாகோ அணியில் வில்லியம் பெர்ரி என்பவர் சுமார் 140 கிலோ எடையோடு வந்தபோது நாடே வேடிக்கை பார்த்தது, குளிர்சாதனப் பெட்டி என்ற பட்டப்பெயரால் அழைத்தது. இன்று ஒவ்வொரு அணியிலும் முன்வரிசையில் நிற்பவர்கள் அநேகமாக எல்லோருமே அந்த எடைதான், அதுவும் வேகமாக ஓடுகிறவர்கள். அறை போயிற்று, கழுத்தைப் பிடித்து வீழ்த்துவது போயிற்று. முன்வரிசை மோதல் மட்டும் அன்றுபோலவே ஒவ்வொரு முயற்சியிலும் நடக்கிறது. அதற்குத் துணி வீச முடியாது, ஏனென்றால் அதுதான் ஆட்டம்.

2022இலிருந்து பயிற்சி முகாம்களில் முன்வரிசைக்காரர்கள் ஹெல்மெட்டின்மேல் மெத்தைபோல ஒரு தொப்பியும் மாட்ட வேண்டும். 2024இல், விரும்பினால் ஆட்டத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். போட்டவர்கள் மிகச் சிலர். பார்க்க நன்றாக இல்லையாம்.