மேரி இரத்தினம் அம்மையாரும் இலங்கை மாதரும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அரசர் பெயராலும் தேசாதிபதிகள் பெயராலும் பகுத்துக் கற்பிப்பது பள்ளிக்கூடங்களின் வழக்கம். மாதரின் சரித்திரம் அவ்வகைப் பகுப்புள் அடங்குவதன்று. பிரசவ அறையிலும், கிராமத்துக் கிணற்றடியிலும், தோட்டத்து லயத்திலும், வாக்குச் சாவடியிலும் அது நிகழ்ந்துள்ளது. இலங்கையில் அச்சரித்திரத்தின் பல கிளைகளும் வந்து கூடும் வாழ்க்கையொன்று உண்டு. அது டாக்டர் மேரி இரத்தினம் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1873ஆம் ஆண்டிலே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தவர். மணத்துக்கு முன் அவர் பெயர் மேரி ஏர்வின். பெண்கள் வைத்தியம் பயில்வதையே பலரும் ஐயத்துடன் நோக்கிய அக்காலத்தில், ரொறன்ரோ நகரில் வைத்தியக் கல்வி கற்றுத் தேறினார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணிக்குத் தெரிவு செய்யப்பட்டார். அதற்கிடையில், கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்றிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்னும் தமிழரை மணம் புரிந்துகொண்டார்.

அந்த மணமே அவருக்கு முதலாவது தடையாயிற்று. 1896இல் அவர் இலங்கைக்கு வந்தபோது, வெள்ளையர் குலப் பெண்ணொருத்தி உள்நாட்டவர் ஒருவரை மணந்ததை மிஷனைச் சேர்ந்தோர் ஏற்றிலர். அவருக்கென வைத்திருந்த பதவி கிடைக்கவில்லை. கல்வியிலும் ஒழுக்கத்திலும் குறை காணவியலாத ஒருவர், தாம் தெரிந்துகொண்ட கணவரின் நிறங் காரணமாகத் தொழிலை இழந்தார். எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் எனப் போதித்தோரிடையே இது நிகழ்ந்தமை சிந்திக்கத்தக்கது.

அம்மையார் ஊர் திரும்பவில்லை. கொழும்புக்குச் சென்று பெண்களுக்கு வைத்தியஞ் செய்யத் தொடங்கினார். ஆண் வைத்தியர் முன் நோயைச் சொல்லவும் நாணிய குலமகளிர் அந்நாளிற் பலர். நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவர் எத்தனையோ பேர். அத்தகையோருக்குப் பெண் வைத்தியர் ஒருவர் கிடைத்தது பெரும் பேறாயிற்று. ஒரு மிஷன் கதவை அடைத்தமையால், அவர் பல சமயத்தவர், பல இனத்தவர் வீடுகளுக்குள்ளே செல்லும் வழி பிறந்தது எனலாம்.

வீடுகளுக்குட் சென்றபோதுதான் நோயின் வேர் மருந்துக்கு எட்டாத இடத்திலிருப்பதை அவர் கண்டார். வறுமை, அடுத்தடுத்த பிரசவம், கொழுக்கிப்புழுவும் மலேரியாவும் விளைத்த இரத்தக்குறைவு, பயிற்சியற்ற கைகளாற் பார்க்கப்பட்ட பிரசவம் ஆகியன தாய்மாரின் உயிரைக் கவர்ந்தன. 1930ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஆகவே அம்மையார் சுகாதாரக் கல்வியைத் தம் பணியாக்கிக்கொண்டார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்களும் மனைநூல்களும் எழுதினார். கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேசியமையால் எதிர்ப்புக்கும் ஆளானார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் கிராமங்களுக்குச் சென்றனர். பின்னர் மலேரியா ஒழிப்பும் புதிய மருந்துகளும் துணை செய்தன. 1950 அளவில் அவ்வெண்ணிக்கை அறுநூறுக்குக் குறைந்தது. இம்மாற்றம் ஒருவர் செயலன்று. எனினும், பெண்கள் தம் உடல்நலத்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசலாம் என்னும் மனப்பான்மையை வளர்த்தோருள் அம்மையார் முன்வரிசையில் நிற்பவர்.

உடல்நலம் பேணுதற்கும் சட்டம் வேண்டும். சட்டத்தை ஆக்குவதற்கு வாக்கு வேண்டும். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவினர் இலங்கைக்கு வந்தபோது மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. மேரி இரத்தினம் அம்மையாரும் ஆக்னஸ் டி சில்வா அம்மையாரும் அதிற் பங்கு கொண்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியோரும் மாதர் வாக்குரிமையை எதிர்த்த காலம் அது. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என ஆணைக்குழுவினர் வினவியதாகவும், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் எனத் தாம் விடையளித்ததாகவும் ஆக்னஸ் அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு வாக்களிக்கலாமென ஆணைக்குழு சிபாரிசு செய்தது. முடிவில் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை மாதர் வாக்களித்தனர். அவ்வாண்டிலேயே அடலின் மொலமூரே அம்மையாரும், 1932இல் நேசம் சரவணமுத்து அம்மையாரும் இடைத்தேர்தல்களில் வென்று அரசாங்க சபையில் அமர்ந்தனர்.

1937இல் மேரி இரத்தினம் அம்மையார் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். அச்சபையின் முதற் பெண் உறுப்பினர் அவரே. ஆனால் தேர்தல் விதி நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவருடைய பதவி விரைவிற் பறிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்ந்திருந்தாலும் எவரும் குறை கூறியிரார்.

அவர் ஓயாதிருந்தமைக்குக் காரணம், அவருடைய பணி ஓர் ஆசனத்தை மட்டும் நம்பியிராமையே. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, 1930இல், லங்கா மகிளா சமிதி என்னும் கிராம மாதர் சங்கத்தை அவர் நிறுவியிருந்தார். கனடா நாட்டுக் கிராம மாதர் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. சமையல், தையல், நெசவு, தோட்டச் செய்கை, குழந்தை வளர்ப்பு ஆகியன அங்கே பயிலப்பட்டன. கூட்டம் நடத்தவும், கணக்கு வைக்கவும், நாலு பேர் முன் எழுந்து பேசவும் கிராமத்துப் பெண்கள் கற்றனர். வாக்குச்சீட்டு உரிமையைத் தரும். அதைப் பயன்படுத்தும் துணிவு இத்தகைய சிறு சங்கங்களிலேயே பிறக்கும்.

ஆயினும், தனியொருவரின் ஊக்கம் எல்லா இழப்பையும் ஈடுசெய்யும் என்று கொள்வது பிழையாகும். 1928இல் எந்தத் தோட்டப் பெண்களுக்காகக் குரல் எழுந்ததோ, அவர்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் குடும்பத்தோடு நாடற்றவராயினர். பெற்ற வாக்கையும் இழந்தனர். விடியுமுன் எழுந்து கொழுந்து கொய்து நாட்டுக்குப் பொருள் தேடித் தந்த அப்பெண்கள், அந்நாட்டின் ஆட்சியிற் சொல்லற்றவராயினர். அவர்கள் எவ்வளவு உழைத்தாலும் அவ்விழப்பு உழைப்பால் தீரக்கூடியதன்று. சட்டம் செய்த தீங்கைச் சட்டமே மாற்ற வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் எச்சம் நீடித்தது. உரிமை ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைக்கும் என்று எண்ணுவோருக்கு மலையகம் தரும் பாடம் இது.

அம்மையார் 1958இல் மகசேசே விருது பெற்று, 1962இல் மறைந்தார். அவரை ஓர் ஆசனத்திலிருந்து அகற்றிய உள்ளூராட்சித் துறையிலே, நான்கிலொரு பங்கு இடத்தை மாதர்க்கென ஒதுக்கும் சட்டம் 2016இல் நிறைவேறியது. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள். அந்த ஆசனங்களில் அமரும் பெண்கள், தமக்குமுன் அங்கே அமர்ந்து எழுப்பப்பட்ட ஒரு முதியவளை அறிந்திருத்தல் நன்று. மலையகத் தாய்மாரின் கதையையும் உடன் அறிந்திருப்பார்களாயின், பெற்றதைக் காக்கும் விழிப்பும் அவர்களுக்கு உண்டாகும்.